ஹார்மோன் தொக்கம்

அழகுராஜா எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். மோட்டாரை அணைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். பொங்கியது. அடுப்பைத் துடைத்தான். நேற்றுத் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து, மோர் விட்டு, வெங்காயம் கடித்துச் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. ருசி பார்க்கிற வேலையை அவன் போன மாசியோடு நிறுத்திவிட்டான்.

மாசியில்தான் அவன் மனைவி முனீஸ்வரி ரிங் ரோட்டில் லாரி மோதி இறந்தாள். அதற்குப் பிறகு அவனிடம் மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று: சரி. கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். சரி. மாடி வீட்டுக்காரர், கட்டில் ஆகாத திசையில் கிடக்கிறது, திருப்பிப் போடுங்கள் என்றார். சரி. திருப்பினான். கதவு பாதிதான் திறந்தது. அதற்கும் சரி. உடம்பைச் சாய்த்து நுழையப் பழகிக்கொண்டான். ஆள் எம்.எஸ்சி. வேதியியல். 'சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதாதே' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன்.

பாத்திரம் கழுவும்போது போன் அடித்தது. சகலை நல்லகாமன். முனீஸ்வரியின் அக்கா புருசன். டிராக்டர் ஷோரூமில் பகுதிநேர வேலையும் வாட்ஸப்பில் முழுநேர வேலையும் பார்க்கிறவன்.

"சகல, வீடியோ பாத்தீகளா? பேரையூர்ப் பக்கம் தவசி ஐயா. ஹார்மோன் தொக்கம் எடுக்குறாராம். கார் நிக்க எடமில்ல. ஒங்க மதினியக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க."

"சரி."

தொக்கம் இந்தப் பக்கத்தில் தெரிந்த சங்கதிதான். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால் வயிற்றில் ஏதோ சிக்கிக் கிடக்கிறது என்பார்கள். தொக்கம் எடுப்பவர் வயிற்றின் மேல் குழலை வைத்து உறிஞ்சி, சிக்கியதைத் தட்டில் துப்பிக் காட்டுவார். தோலில் ஓட்டையில்லாமல் அது எப்படி வெளியே வந்தது என்று கேட்பது மரியாதையில்லை. தவசி காலம் தெரிந்தவர். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று ஆன பிறகு பிள்ளைகளை நம்பிப் பிழைக்க முடியாது. மாதவிடாய் நின்று ஹார்மோன் மருந்து எடுக்கிற பெண்கள் பெருகியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு வயிறு உப்புசம் வேறு. 'விழுங்கிய மாத்திரையெல்லாம் குடலில் ஒட்டிக் கிடக்கிறது' என்று ஒரு வீடியோ போட்டார். கூட்டம் குவிந்தது.

நல்லகாமன் மனைவி இசைவாணிக்கு முப்பத்தொன்பது வயதிலேயே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு இரவெல்லாம் உடம்பு தீயாய் எரிந்தது. தூக்கம் போனது. எலும்பும் பலமிழக்கும் என்று சொல்லி டாக்டரம்மா ஹார்மோன் மருந்து கொடுத்தார். தூக்கம் திரும்பியது. வயிறு மட்டும் உப்பியது. கீரையும் பயறும் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொள், மோர் குடி, தண்ணீர் குடி, தினமும் நட, மருந்தை நீயாக நிறுத்தாதே, சரியாகாவிட்டால் வா, மாற்றித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா.

இதை யார் நம்புவார்கள்? "மோர் குடிக்கச் சொல்றதுக்கு எதுக்குடி டாக்டரு?" என்று நல்லகாமன் கேட்டான். அழகுராஜாவும் பக்கத்தில்தான் இருந்தான். சரி என்றான்.

பேரையூரைத் தாண்டி, கருவேலங்காட்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் தவசியின் ஆளுயரப் படம். உள்ளே மைக், பக்திப் பாட்டு, நீளமான வரிசை. குழலுக்குக் காசு கிடையாது. பிறகு குடிக்க வேண்டிய கஷாயத்துக்குத்தான் காசு. தர்மத்தைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள்.

வாசலில் ஒரு மண்பானை. 'விஷப்பானை' என்று எழுதியிருந்தது. வருகிறவர்கள் ஹார்மோன் மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பானை நிறைந்ததும் திரைக்குப் பின்னால் போனது. விஷத்தைக் குப்பையில் கொட்டாமல் உள்ளே ஏன் கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எம்.எஸ்சி.யும் கேட்கவில்லை.

"மருந்து வீட்டுல இருக்கு" என்று இசைவாணி கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

முன்னால் நின்ற ரெங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. வாய் சும்மா இருக்காது.

"மொதத் தடவையா? நான் மூணாந்தடவை. வாரப்பல்லாம் ஒண்ணு எடுக்குறாரு. இன்னும் உள்ள எம்புட்டுக் கெடக்கோ!"

"மாத்திரை இப்பவும் போடுறீகளாக்கா?"

"அத அப்பவே நிறுத்தியாச்சு. அப்படியும் வந்துக்கிட்டே இருக்கு பாரேன்."

"தூக்கம் வருதா?"

"எங்கிட்டு? ராத்திரி முச்சூடும் ஈரத்துணியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். முழுசா எடுத்தாத்தான் தீருமாம்."

இசைவாணி முகம் வெளுத்தது. அழகுராஜாவின் காதோரம் சொன்னாள்: "தம்பி, அந்த ராத்திரிக எனக்கு மறுபடியும் வேணாம். இன்னொருக்கா தாங்க மாட்டேன். ஒங்க சகலையோ மருந்தத் தொடக் கூடாதுங்குறாரு."

அழகுராஜா என்ன சொல்லியிருப்பான்? அதையேதான் சொன்னான்.

தவசி முதலில் கூப்பிட்டது அவனைத்தான். "தம்பி மூஞ்சியிலயே தொக்கம் தெரியுது. வா, படு."

"சரி."

சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தான். தவசி குழலை வைத்து உறிஞ்சினார். தட்டில் துப்பினார். காய்ந்த கறித்துண்டு.

"இது ஓம் பொஞ்சாதி கடைசியா ஆக்கிப் போட்ட கறி. இன்னும் எறங்கல."

கூட்டம் உச்சுக் கொட்டியது. மனைவி செத்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று அழகுராஜா யோசிக்கவில்லை. முன்பதிவுக்குப் போன் செய்தபோது 'வீட்டில் துக்கம் உண்டா' என்று கேட்டிருந்தார்கள். நல்லகாமன் விலாவாரியாகச் சொல்லியிருந்தான். தவிர, முனீஸ்வரி கறி சமைத்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறி எப்போதும் இவன் வேலை. அவள் அடுப்பு மேடையில் உட்கார்ந்து உப்பு பார்ப்பாள். எல்லாம் தெரிந்தவன் எழுந்து என்ன செய்தான்? கும்பிட்டான். ஏப்பம்கூட வந்தது. வயிறு லேசாக இருந்தது. அதுதான் கேவலம்.

அடுத்து இசைவாணி. தவசியின் மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சேலைக்கு மேலேயே குழல். நீண்ட உறிஞ்சல். தட்டில் டிங் என்று விழுந்தது. ரோஸ் நிற மாத்திரை.

"ஆத்தாடி!" என்றது கூட்டம். நல்லகாமன் வீடியோ எடுத்தான்.

தவசி மைக்கைப் பிடித்தார். "மாசக்கணக்கா கரையாம குடல்ல ஒட்டிக் கெடந்திருக்கு. இன்னைக்கே மருந்த நிறுத்தணும். நான் சொல்லல தாயி. செத்துப்போன ஒந்தங்கச்சி எங் காதுல சொல்லுது. உசுரு போறப்ப அது கடைசியாச் சொன்னது இதான்: 'எங்கக்காவ அந்த மாத்திரையில இருந்து காப்பாத்துங்க.'"

இசைவாணி உடைந்து அழுதாள். நல்லகாமன் மூக்கை உறிஞ்சினான். கொட்டகையே கண்ணைத் துடைத்தது.

அழகுராஜா நிமிர்ந்தான். முனீஸ்வரி கடைசியாகப் பேசியது அவனிடம். போனில். அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"ஏன்?" என்றான். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. மைக் அதைப் பிடித்துக் கொட்டகை முழுக்கப் போட்டது.

"என்ன தம்பி?"

"ஏன் நிறுத்தணும்னு கேக்குறேன். மதினி, நீங்க சாப்பிடுறது இந்த மாத்திரைதானா?"

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் தம்பி நானும் முழிக்கிறேன். எனக்கு ஏது மாத்திரை? கையில தடவுற ஜெல்லுதான குடுத்தாக." பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினாள்.

நல்லகாமன் போனை இறக்கினான். "ஏன்டி, எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

"நிறுத்து நிறுத்துன்னு குதிச்சீகளே, என்ன மருந்துன்னு ஒருநா கேட்டீகளா?"

தவசி லேசில் விழுகிற ஆளில்லை. "தோல்ல தடவுனது உள்ள எறங்கி, குடல் சூட்டுல உறைஞ்சு, மாத்திரையா இறுகிரும் தாயி."

கூட்டம் 'அப்படிச் சொல்லுங்க' என்று தலையாட்டியது. உறைந்த ஜெல் நடுவில் உடைக்கிற கோட்டோடு உறைந்ததில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. அழகுராஜாவின் வாயும் பழக்கதோசத்தில் 'ச' என்று குவிந்தது. கடித்து நிறுத்தினான்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றான். தட்டில் கிடந்த மாத்திரையை எடுத்து அதில் போட்டான். "மாசக்கணக்கா கரையலன்னீக. இதுல என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

தவசி ஆங்கில மருந்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மாத்திரை பொரிந்தது, உதிர்ந்தது. தண்ணீர் ரோஸ் ஆனது. வயிற்றில் மாசக்கணக்காக நின்றது டம்ளரில் ஒரு பேச்சு முடியும்வரை நிற்கவில்லை.

ரெங்கம்மாள் டம்ளரைப் பார்த்தாள். தவசியின் வாயைப் பார்த்தாள்.

"ஐயா, அந்த நாக்கக் கொஞ்சம் நீட்டுங்க."

தவசி வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து மூடாத வாய்.

"நீட்டுங்கய்யா. மூணு தடவை நான் வயித்தக் காட்டலையா? நீங்க நாக்கக் காட்டுனா கொறஞ்சா போயிருவீக?"

நான்கு பெண்கள் சுற்றி நின்றார்கள். கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். துப்பியதும் ரோஸ். நீட்டிய நாக்கும் ரோஸ், திருவிழாவில் ஐஸ் தின்ற பிள்ளை நாக்கு மாதிரி. யாரோ திரையைப் பிடுங்கினார்கள். பின்னால் பானை. பக்கத்தில் பிரித்துக் கொட்டிய மாத்திரைகள், ஒரு கிண்ணத்தில் கறித்துண்டுகள், கத்தரிக்காய்த் தோல். பானையில் இவர்களே போட்ட மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு வந்து, இவர்கள் வயிற்றிலிருந்தே எடுத்திருக்கிறார். எல்லாரும் மாத்திரைதான் கொண்டுவந்தார்கள். அதனால் ஜெல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ரெங்கம்மாள் பானைக்குள் கையை விட்டாள். "என் அட்டை எங்கிட்டுக் கெடக்கு?"

"அக்கா, இதுல இருந்து எடுக்காதீக" என்று இசைவாணி அவள் கையைப் பிடித்தாள். "டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் புதுசாப் போடுங்க. நாளைக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

திரும்பும் வழியில் திருமங்கலத்தில் காரை நிறுத்தினார்கள். நல்லகாமன் தானே போய் மூன்று மோர் வாங்கிவந்தான். பெரிய வைத்தியம் அது. வீடியோ யாரும் போடுவதில்லை.

இசைவாணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "தம்பி, சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாக. எம் பேரச் சொன்னாங்குறாக. சாமி பேரச் சொன்னாங்குறாக. அவ நெசமாவே கடைசியா என்ன சொன்னா?"

அழகுராஜா மோரைக் குடித்தான். புளித்தது. புளிப்பு தெரிந்தது.

அவள் இறந்த அன்றைக்குச் சாயங்காலம் வாட்டர் ஃபில்டர் விற்கிறவன் வீட்டுக்கு வந்தான். இருக்கிற மிஷின் தண்ணீரில் உயிர்ச்சத்து இல்லை, புதிது போடுங்கள் என்றான். எம்.எஸ்சி. வேதியியல் சரி என்றது. அதைச் சொல்லத்தான் ஆபீஸிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த முனீஸ்வரிக்குப் போன் போட்டான். அவள் சிரித்தாள். பிறகு இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்:

"அவன் சொன்னா ஒடனே சரிம்பீகளா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் சுளுக்கிக்குமா?"