கூரை அண்ணேயின் ரெண்டாவது தலையணை

ஈப்போ புந்தோங்கில் வீட்டுக்குள் தூங்கத் தெரியாத ஒரே மனிதர் கூரை அண்ணே. ஊருக்கெல்லாம் குளுகுளு ஏர்கோன் மாட்டிக் கொடுப்பார்; தனக்கு மட்டும் சனிக்கிழமை வந்தால் ஆறு, கடற்கரை என்று எங்காவது போய்ப் படுத்தாக வேண்டும்.

போகும்போது ரெண்டு தலையணை எடுத்துப்போவார். ஒன்று உறை கசங்காமல் அப்படியே திரும்பி வரும். அது அவர் மனைவி சரசு அக்காவுடையது. "தரையில படுத்து பாம்போட குடும்பம் நடத்த என்னால ஆகாது" என்று கல்யாணமான புதுசிலேயே அக்கா சொல்லிவிட்டார்.

இப்படியே வருஷங்கள் போனபோதுதான் வண்டிக் கூரைமேல் கட்டும் கூடாரம் ஈப்போவில் விற்பனைக்கு வந்தது. தரையில்லை, பாம்பில்லை. அக்கா இனிமேல் என்ன சாக்குச் சொல்ல முடியும்? அண்ணேக்கு உயிர் வந்துவிட்டது. அன்றையிலிருந்து ஒரே பிரசங்கம்.

"ஹார்ட்ஷெல்தான் தம்பி! கெட்டி மூடி. கொக்கிய கழட்டுனா டப்புனு தொறந்துக்கும், மழ வந்தா டப்புனு மூடிட்டு கிளம்பலாம். சாஃப்ட்ஷெல் வெறும் துணிலா. விரிக்கிறதுக்குள்ள பசியாறுற நேரமே போயிரும். நனைஞ்சா காயப்போட்டே சாகணும்."

கோயிலில் இதே பேச்சு. சாவு வீட்டில்கூட இதே பேச்சு. ஏர்கோன் கழுவக் கூப்பிட்ட வீடுகளெல்லாம் ஹார்ட்ஷெல் கட்சியில் சேர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்க என்று பொய் சொல்லி அக்காவைக் கூடாரக் கடைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு, அதே தெருவில் இருக்கும் நான். அக்கா ஏணியில் ஏறி ஹார்ட்ஷெல்லில் படுத்தார். கால் பக்கம் மூடி சரிந்து பாதத்தில் இடித்தது. படுத்த வேகத்தில் இறங்கிவிட்டார்.

"என்னங்க இது, பொட்டி! மூடி வேற இருக்கு. கடைசியில எல்லாரும் பொட்டியிலதான் போகப் போறோம், இப்பவே என்ன அவசரம்?"

கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார். அண்ணே முகம் தொங்கிப்போனது.

பக்கத்து வண்டியில் சாஃப்ட்ஷெல் விரிந்திருந்தது. அக்கா தானாகவே அதில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல உக்காந்து சுடச்சுட தே தாரிக் குடிக்கலாம் போல இருக்கே."

அத்தனை மாதப் பிரசங்கத்தையும் அண்ணே ஒரே வாயில் விழுங்கினார். "இதையே கட்டுங்க பாஸ்," என்றார்.

வண்டிக்குப் பூசை போட்டபோது டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம் போதாதென்று, கூடார ஏணிக்கும் வைக்கச் சொல்லி ஐயரிடம் மல்லுக்கு நின்றார்.

முதல் பயணம் ஹுத்தான் மெலிந்தாங் ஆற்றோரம். அங்கே கொட்டோ கொட்டென்று மழை. திரும்பி வந்த அண்ணே, நனைந்த துணியை வேலி முழுக்கக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நனைஞ்சா தொல்லைன்னு சொன்னீங்களே அண்ணே?"

"தொல்லைதான்லா. ஜன்னல மூடலாம்னா உங்க அக்கா மூட விடல. மழைய பாக்கணுமாம்."

சொல்லும்போதே சிரிப்பு காதுவரை போனது. துணிக்குப் பக்கத்தில் ரெண்டு தலையணைகளும் ஈரமாகத் தொங்கின.

இப்போது ரெண்டு பேரும் வாராவாரம் போகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் அந்த வேலியைப் பார்க்காமல் நான் தாண்டுவதில்லை. துணி இல்லையென்றால், "அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்கப் போய்விடுகிறேன்.