வெளியே வர மறுத்த கிளியும் மாமாவின் சட்டையும்

கிளியைக் கூட்டுக்குள் அடைக்கிறவனைத்தான் எல்லோரும் பாவி என்பார்கள். கூட்டுக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, "வெளியே வா ராசா" என்று கெஞ்சி நிற்கிறவனின் பாடு ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளே, நான் அப்படி நின்றவன். நின்றதன் பலனாக எங்கள் வேதக்கோவில் மூப்பர் ஓலை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். (நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை கண்டால் அம்மாவிடம் காட்டாதேங்கோ.)

உங்கள் அம்மாவை நான் கலியாணம் முடித்த வருஷம். இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது; எனக்குத் தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை ஏற்றுகிற வேலை. அம்மாவின் வீட்டில்தான் இருந்தோம். அந்த வருஷமே அம்மாவின் அப்பா, அதாவது என் மாமா, வள்ளமும் வலையும் வைத்திருந்ததால் ஊரார் 'சம்மாட்டி' என்று கூப்பிட்டவர், காய்ச்சலில் காலமானார்.

மாமாவிடம் துரை என்றொரு கிளி இருந்தது. விழுந்த பனையின் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வளர்த்தது. கூட்டுக்குள் வைத்துக் கொடுத்தால் ஒரு பருக்கையும் தின்னாது. மாமா கடலால் வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்ததும் தானாக இறங்கி, நிலத்தில் நடந்து வந்து, சட்டையைப் பிடித்து ஏறி, அவர் தோளில் இருந்துகொண்டு அவருடைய தட்டில்தான் தின்னும். மாமா போன பிறகு துரை வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. நெஞ்செலும்பு கத்திபோலத் தெரியத் தொடங்கியது.

"கையை விட்டு இழுத்து எடுக்கட்டோ மாமி?" என்று உங்கள் அம்மம்மாவிடம் கேட்டேன்.

"தொடாதேங்கோ தம்பி. அவர் ஒருநாளும் அதை இழுத்து எடுத்ததில்லை. தானா வரவேணும்." பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அதுவும் போச்செண்டால் அவரின்ரை எண்டு சொல்ல இந்த வீட்டில உயிரோட ஒண்டும் இல்லை."

அந்த நாட்களில் மாமி பேசியது அவ்வளவுதான். முன்பென்றால் மாமி வீட்டுக்குள் பேசினால் றெயில் நிலையத்தில் கேட்கும்.

கொய்யாப்பழம் வைத்தேன். பச்சைமிளகாய் வைத்தேன். அது பார்க்கும்படி நானே தின்று காட்டினேன். (மிளகாயைத்தான். கண்ணீர் வந்தது, கிளி வரவில்லை.) அக்கறை இல்லாதவன்போல முதுகைக் காட்டிக்கொண்டும் இருந்து பார்த்தேன்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது வேறொன்று. மாமா வீட்டுக்கு வருகிற மத்தியான வேளை வந்ததும் துரை கழுத்தை நீட்டி வாசலைப் பார்க்கும். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு அதன் தலை மெல்ல மெல்லத் திரும்பும், யாரோ உள்ளே நடந்து வருவதைப் பார்ப்பதுபோல. வாசல், அலுமாரி, மேசை, கடைசியாகக் கதிரை. அங்கே வந்து நின்றுவிடும். வெளியே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கும். கதவிடுக்கால் மணல் உள்ளே சரியும்போது, களைத்த ஆள் காலைத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்கும். வெறுங்கதிரையின் சீலை காற்றில் உப்பி உப்பித் தாழும். நான் அந்த நேரம் கிணற்றடியில் ஏதாவது வேலை தேடிக்கொள்வேன்.

அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அந்த யோசனை வந்தது. கிளி மாமாவுக்காகத்தானே காத்திருக்கிறது? சரி, மாமாவைக் கொடுத்துவிடுவோம்.

மாமியும் உங்கள் அம்மாவும் பூசைக்குப் போனதும், மாமாவின் கோடுபோட்ட சட்டையையும் சாரத்தையும் எடுத்து உடுத்தேன். பனையோலைத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டேன். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே மாமா நின்றார். போய்க் கதிரையில் விழுந்து, அவரைப்போலவே இருமினேன்.

துரை கூட்டு வாசலுக்கு வந்தது! ஒரு காலை வெளியே வைத்தது. அப்படியே நின்றது. இன்னும் ஏதோ குறைகிறது என்பதுபோலத் தலையைச் சரித்துக் காத்திருந்தது.

அப்போதுதான் வேலிப் படலை திறந்தது; பூசை முடிந்துவிட்டது. செத்தவரின் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமாவின் உடுப்பை வாங்கிப்போக மூப்பர் அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது மறந்தே போய்விட்டது. அவர் வாங்க வந்த உடுப்பு முழுவதும் என் உடம்பில்.

முதலில் உள்ளே வந்தவர் மூப்பர்தான். புகையைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"சேசுவே!" என்றார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "சம்மாட்டி... நாங்கள் சொன்ன செபம் போதாமப் போச்சோ?" என்று கேட்டார்.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கிளியின் ஒரு கால் வெளியே இருந்தது. நான் அசைந்தால் அது உள்ளே போய்விடும். பிறகு வரவே வராது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

அவருக்குப் பின்னால் மாமி வந்தார். வாசலில் நின்று கதிரையைப் பார்த்தார்.

"மண் காலோட கதிரையில ஏறாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" றெயில் நிலையத்தில் கேட்கும் அந்தப் பழைய குரல். "கூட்டிக் கூட்டி என்ரை முதுகு முறியுது! கால் கழுவினீங்களோ?"

"ஓம், ஓம். இப்ப கழுவுறன்."

சளி கட்டிய, கரகரத்த மாமாவின் குரல். நான் வாயே திறக்கவில்லை. சுருட்டு உதட்டில் அப்படியே இருந்தது. மூப்பர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி அவர் வீட்டுக்குள் இல்லை. வேலியில் மூப்பர் அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வீரிட்டார். நான் எனக்குத் தெரிந்த புனிதர் எல்லாரையும் பேர்சொல்லிக் கூப்பிட்டேன். (மனதுக்குள்தான். வாயில் சுருட்டு இருந்தது.)

"ஓம், ஓம்," என்றது அந்தக் குரல் மறுபடியும். இந்தமுறை என் காலடியிலிருந்து.

குனிந்து பார்த்தேன். துரை நிலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தது. சாரத்தைப் பிடித்தது, சட்டையைப் பிடித்தது, தோளில் ஏறி உட்கார்ந்தது. மாமி ஏசிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சோறு கொண்டுவந்தார். துரை தின்றது. மூச்சு விடாமல் தின்றது.

அது காத்துக்கொண்டிருந்தது மாமாவுக்காக மட்டும் இல்லை, மாமியின் ஏச்சுக்காகவும்தான். ஏச்சு விழுந்தால் சோறு வரும் என்று பழகிய பிராணி. அது பேசும் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த வீட்டில் எந்நேரமும் கேட்ட 'ஓம்' எல்லாம் மாமாவுடையது என்றே நினைத்திருந்தோம்.

மாமி சோற்றுச் சட்டியோடு நின்றவர் திடீரென்று கேட்டார்: "அப்ப, இவ்வளவு காலமும் எனக்கு ஓம் சொன்னது ஆர்?"

மாமா இல்லாததால் அந்தக் கேள்விக்கு என்னைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து கிளிக்குச் சோறு வைக்கும் நேரமெல்லாம் நான் அந்தச் சட்டையோடு கதிரையில் இருந்து ஏச்சு வாங்கினேன். (மாமாவின் வேஷத்துக்காக வாங்கத் தொடங்கியது, போகப்போக எனக்கென்றே வந்தது.) துரை கொழுத்தது, மாமிக்கும் குரல் திரும்பியது. மூப்பர் மட்டும் அதற்குப் பிறகு படலைக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுவார்: "உள்ளுக்கு ஆர்? உயிரோட இருக்கிறவை மட்டும் பதில் சொல்லுங்கோ!"

உங்கள் அம்மா ஒரு வேலை சொல்லி, நான் "ஓம், ஓம்" என்றால், அடுப்படியில் இருந்தாலும் எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "வாயைப் பார்க்கவேணும், திரும்பச் சொல்லுங்கோ" என்பது ஏன் என்று கேட்டீர்களே. இதனால்தான்.