மஞ்சள் அட்டையில் அச்சான போர் எதிர்ப்பு

கோயமுத்தூர்,
27.2.1991

மதிப்பிற்குரிய வெள்ளகோவில் மாப்பிள்ளை காளிச்சாமி அவர்களுக்கு, தங்கள் அக்காள் தெய்வாத்தாளின் கணவனும், இன்றைய தேதி வரை வேறு எவருக்கும் கணவன் ஆகாதவனுமான வேங்கடசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்தான். அங்கு தாங்களும், தங்கச்சியும், குழந்தை சண்முகப்பிரியாவும், எருமைகளும், புதிதாக வைத்த முருங்கையும் நலமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, போர் போட்டது என்னாயிற்று என்று முறைப்படி கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். எனக்கு விஷயத்துக்கு வர அவசரமாக இருக்கிறது.

நான் தபாலில் அனுப்பிய மஞ்சள் அட்டையைத் தாங்கள் கிழித்து எருக்குழியில் போட்டதாகவும், "எங்கக்கா போயி ரெண்டு வருசம் முழுசா ஆகலீங்க, அதுக்குள்ள மச்சானுக்கு மறு கல்யாணம் கேக்குது, இனி அந்த ஊட்டுப் படிய மிதிக்க மாட்டனுங்க" என்று ஊர் கேட்கச் சொன்னதாகவும் கோபி அத்தை மூலமாக அறிந்தேன். மாப்பிள்ளை, அது கல்யாணப் பத்திரிகை அல்ல. வளைகுடாப் போரை எதிர்த்து நாங்கள் கொண்டுவந்த செய்தி மடலின் முதல் இதழ். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தங்களைக் குறை சொல்லவில்லை. மஞ்சள் அட்டையை யார் படிக்கிறார்கள்? எந்த வீடு, என்றைக்கு, நம் பக்கத்துப் பெயர்களை ஒழுங்காகப் போட்டிருக்கிறானா என்று மட்டும்தான் பார்ப்போம். நானும் அப்படிப் பார்க்கிறவன்தான்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். தங்கள் அக்கா போன பிறகு நான் முதலில் வாங்கிய பொருள் ஒரு பூட்டு. அதுவரைக்கும் இந்த வீட்டுக்குப் பூட்டு தேவைப்பட்டதே இல்லை, அவள் எப்போதும் வீட்டில் இருந்தாள். கோட்டைமேட்டில் அப்துல் மஜீத் என்பவரின் பூட்டுக் கடையில் வாங்கினேன். அது சரியாகப் பூட்டவில்லை என்று மறுநாள் போனேன், சரியாகத் திறக்கவில்லை என்று அதற்கடுத்த நாள் போனேன், பிறகு காரணம் எதுவும் சொல்லாமலே போய் உட்கார ஆரம்பித்தேன், மஜீத் பாயும் காரணம் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவருடைய மருமகன் குவைத்தில் வேலை. ஈராக்காரன் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் விமானம் ஏறி வந்துவிட, முதலாளியின் கடைச் சாவி என் கையில் இருக்கிறது, விட்டுவிட்டு எப்படி வருவது என்று இவர் மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். பொங்கல் முடிந்த கையோடு அமெரிக்காக்காரன் குண்டு போட ஆரம்பித்தான். அதற்குப் பிறகு மருமகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மஜீத் பாய் வியாபாரத்தை மறந்துவிட்டார், ஏதாவது செய்ய வேண்டுமே, ஏதாவது செய்ய வேண்டுமே என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். பார்க்கிறவர்களில் சங்கம் வைத்திருந்தவர்கள் பலர் இருந்ததால் கூட்டமைப்பு ஒன்று உண்டாயிற்று. கூடுவதற்கு இடம் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மில் தொழிலாளர் சங்கம், காந்தி அன்பர்கள், விவசாயிகள், மாசாணியம்மாள் தலைமையிலான பெண்கள் சங்கம், பள்ளிவாசல் பக்கத்து வியாபாரிகள், கவிஞர்கள் கொஞ்சம் பேர் என்று நம் முன்னறையே நிறைந்துவிட்டது. அமைப்பாளராக யாரைப் போடுவது என்பதில் மட்டும் ஒருவரை ஒருவர் ஒப்பவில்லை. கடைசியில், எந்த அமைப்பையும் சேராதவர், வீட்டில் வேறு யாரும் இல்லாதவர் என்ற ஒரே தகுதிக்காக என்னைப் போட்டார்கள். மில்லில் டைம் ஆபீசில் வருகை குறித்தே வயதாகிப்போன எனக்கு இப்படி ஒரு பதவி. பெண்கள் பக்கத்திலும் ஒருவர் வேண்டும் என்று மாசாணியம்மாளை இணை அமைப்பாளர் ஆக்கினார்கள். கூட்டமைப்பின் பெயரில் 'போர் எதிர்ப்பு' முதலில் வர வேண்டுமா, 'அமைதி' முதலில் வர வேண்டுமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்து கூட்டமைப்பு இரண்டாக உடைந்தது. பிரிந்து போனவர்களுக்குக் கூடுவதற்கு வேறு இடம் கிடைக்காததால் அவர்கள் நம் வீட்டிலேயே சமையல்கட்டுப் பக்கம் தனியாகக் கூடினார்கள், நான் இரண்டு அணிக்கும் காப்பி போட்டேன். நம் ஊர் ஆட்கள் பிரிந்தாலும் மரியாதை விடுவதில்லை. "ஏனுங்க தோழர், நீங்க செஞ்சது துரோகமுங்க, காப்பி ஆறுதுங்க எடுத்துக்கோங்க" என்றுதான் சண்டை. எத்தனை நாளைக்கப்புறம் இந்த வீட்டில் இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது தெரியுமா?

அடுத்தது செய்தி மடல். முதல் வரியில் அமெரிக்காவைக் கண்டிப்பதா, ஈராக்கையும் சேர்த்துக் கண்டிப்பதா, யாரையும் கண்டிக்காமல் கவலை மட்டும் தெரிவிப்பதா என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு அமைப்பும் எழுதியதை அடுத்த அமைப்பு அடித்தது. அடித்து அடித்துக் கடைசியில் எல்லோருக்கும் சம்மதமாக மிஞ்சியது கூட்டம் நடக்கும் நாள், நம் வீட்டு விலாசம், அமைப்புகளின் பெயர்கள், 'அனைவரும் குடும்பத்துடன் வருக', 'போர் வேண்டாம்', இவ்வளவுதான். பெயர் வரிசையை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் பெயருக்கு மேலே யார் பெயர், எந்தப் பெயர் தடித்த எழுத்து, யாரை 'மற்றும்' என்பதற்குள் தள்ளுவது என்று பேசிய பேச்சில் வடக்கே வாழ்க்கைப்பட்டுப் போன நம் மகளின் கல்யாணத்தில் தாங்களும் கோபி அத்தையும் பத்திரிகைக்காகச் செய்த ரகளை எனக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அதை எடுத்துக்கொண்டு ராமுலு அச்சகத்துக்குப் போனேன். தை மாதம், முகூர்த்தம் நெருக்கமான நேரம், அச்சகத்தில் கல்யாண வேலை தவிர ஒன்றும் ஓடவில்லை. ராமுலு நல்ல மனுஷன். "பேரும் தேதியும் விலாசமுந்தானுங்களே, இந்தக் கட்டத்துல அப்படியே உக்காந்துக்குமுங்க" என்று, முதல் நாள் ஒரு கல்யாணத்துக்குக் கோத்து வைத்திருந்த எழுத்தைக் கலைக்காமல் பெயர்களை மட்டும் மாற்றிப் பொருத்திவிட்டார். மணமக்கள் பெயர் வரும் நடு இடத்தில் பெரிய எழுத்தில் இரு அமைப்பாளர்கள். இந்தப் பக்கம் திரு. வேங்கடசாமி, அந்தப் பக்கம் திருமதி. மாசாணியம்மாள். மிச்சமிருந்த மஞ்சள் அட்டையிலேயே ஓட்டிக் கொடுத்தார். மூலைக்கு மஞ்சள் தடவ அவரே கை வைத்தபோது நான்தான் தடுத்தேன், அது ஒன்றை மட்டும் என் புத்திசாலித்தனமாகக் குறித்துக்கொள்ளவும்.

அனுப்புவதற்குப் போதுமான விலாசம் கூட்டமைப்பில் யாரிடமும் இல்லை. என்னிடம் நம் மகள் கல்யாணத்துக்குத் தங்கள் அக்கா தொகுத்த விலாசங்கள் இருந்தன. பங்காளி, மாமன், மச்சான், கோபி, காங்கயம், வெள்ளகோவில், ஒன்று விடாமல் ஒட்டி அனுப்பிவிட்டேன். போரை எதிர்க்க நம் சொந்தக்காரர்களும் வரட்டுமே என்று நினைத்தேன். சொந்த பந்தத்துக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் தபாலில் அனுப்புவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது, உலக அமைதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததால், என் மண்டையில் ஏறவில்லை.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் நம் ஜனம் அவ்வளவும் வாசலில் நிற்கிறது. பட்டுக்கரை வேட்டி, பட்டுச் சேலை, ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. பாதிப் பேர் கல்யாணத்தைப் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் நிறுத்த வந்தவர்கள். கோபி அத்தை நிறுத்த வந்த அணிக்குத் தலைமை. அட்டையில் கீழே 'போர் வேண்டாம்' என்று இருந்ததை, இந்த வயதில் தாலி கட்டப் போகிறவன் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வரக்கூடாது என்று முன்கூட்டியே போட்டிருக்கிறான் என்று அத்தை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குடையோடு ஒரு பெரியவர் வந்தார். நீங்கள் யாருங்க, பெண்ணுக்கு என்ன உறவு என்று அத்தை அதட்டியதற்கு, "நான் மாசாணியோட ஊட்டுக்காரனுங்க" என்று அவர் பணிவாகச் சொன்னார். அத்தை அப்படியே படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

எனக்கு விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கூட்டமைப்பின் இரண்டு அணிகளுக்கும் மக்கள் திரண்டுவிட்டார்கள் என்று ஒரே பூரிப்பு, உடனே கூட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். போரை நிறுத்தக் கேட்டு ஒரு மனுவைக் கையெழுத்துக்காக மேஜையில் வைத்துவிட்டு யார் யாரோ பேசினார்கள், நம் ஜனம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் மஜீத் பாய் எழுந்தார். "எம் மருமகன் அங்க இருக்கறானுங்க. குண்டு யாரு போட்டாலும் அவன் தலை மேலதானுங்க விழும். எம் புள்ளை சாப்பிடறதில்லீங்க. எனக்கு வேற அரசியல் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோபி அத்தைதான் முதலில் எழுந்து, "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார். வந்திருந்த அத்தனை பேரும் போட்டார்கள். கல்யாணத்தை நிறுத்த வந்தவர்கள் போரை நிறுத்தக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனார்கள். கோபம் தீராமல் இருப்பது வராத ஒருத்தருக்கு மட்டும்தான். அது தாங்கள்தான்.

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை, டம்ளர் பத்தாமல் பக்கத்து வீட்டில் வாங்கினேன். ஆனாலும் கேட் பக்கம் யாராவது செருமினால் தாங்களோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன். தாங்கள் அப்படித்தானே செருமிவிட்டு உள்ளே வருவீர்கள்? தங்கள் அக்காவும் அப்படித்தான். அதற்காக, தனியாகக் கிடக்கிறான், பாவம் என்று இரக்கப்பட்டுத் தாங்கள் வர வேண்டியதில்லை. எனக்கு நேரமே இல்லை. இரண்டாம் இதழ் தயாராகிக்கொண்டிருக்கிறது, தினமும் கூட்டம், இந்தப் போர் லேசில் முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், ஆகவே இயக்கத்தை விட்டு நான் ஒரு நாளும் நகர முடியாது. தாங்கள் செய்ய வேண்டியதெல்லாம், எனக்குக் கல்யாணம் இல்லை, நடக்கவில்லை, நடக்கப் போவதும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு ஒரு கார்டு எழுதுவதுதான்.

தங்கச்சிக்கு என் அன்பு. சண்முகப்பிரியா நன்றாகப் படித்து, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, அவள் பத்திரிகையில் என் பெயரும் ஏதாவது ஒரு மூலையில் வர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
வேங்கடசாமி,
அமைப்பாளர் (முதல் அணி).

பி.கு.: 28ஆம் தேதி. இதைத் தபாலில் போடுவதற்குள் போர் நின்றுபோய்விட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இரண்டு அணியும் ஓடி வந்து கட்டிப்பிடித்து ஒன்றாகி, கூட்டமைப்பைக் கலைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், ஒருமனதாகப் போட்ட தீர்மானம் அது ஒன்றுதான். லட்டு கொடுத்தார்கள். பேனரை மில் சங்கம் எடுத்துக்கொண்டது, மைக்கைக் காந்தி அன்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாசாணியம்மாள் டம்ளரையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்காரரோடு பஸ் ஏறினார். மஜீத் பாய் கடையைச் சாத்திவிட்டு, இனித் தகவல் வந்துவிடும் என்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வரட்டும், அந்தப் பையன் நல்லபடியா வந்து சேரட்டும், நானும் சாமி கும்பிட்டேன். போர் நின்னது நல்லதுதானுங்க மாப்பிள்ளை. ஆனா அவங்கெல்லாம் போனதுலயிருந்து இந்த ஊட்டுல ஒரு சத்தம் இல்லீங்க. குவைத் எந்தத் திக்குல இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க, யாராவது ஊட்டுக்கு வரட்டும்னுதான் நான் போரை எதிர்த்ததே. அதனால கல்யாணம் இல்லைன்னு மேல எழுதுனதையெல்லாம் அடிச்சுப்போடுங்க. வர ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்னே வெச்சுக்கோங்க. கோவமாவே வாங்க. தடுத்து நிறுத்தறதுக்காவது வாங்க. தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்து, எங்கக்காவை மறந்துபோட்டயான்னு வாசல்ல நின்னு சத்தம் போடுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் போடுங்க.