தொப்பியோடு அளந்த தலை

இந்தக் கூட்டத்தில் நான் இல்லை. அங்கே பலகாரப் பெட்டி கொண்டுபோன என் மைத்துனன் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுத முயல்கிறேன்.

ஜாவாவில் ஒரு வட்டாரக் கல்வி அலுவலகம். பள்ளிகளில் ஆங்கிலம் கேட்டுப் பழகும் வகுப்புக்காக, 'சிறார் செவிநலம் பேணும் ஒலிக்கருவித் தேர்வுக் குழு' ஒன்று முறைப்படி அமைக்கப்பட்டது. எட்டு அதிகாரிகள். ஒரே ஆசிரியை, ரத்ரி.

அவள் வகுப்பில் ஒன்பது வயது லாரஸ் பழைய ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "டீச்சர், காதுக்குள்ள வண்டு கத்துது" என்று அழுதிருந்தாள். அன்றிலிருந்து ரத்ரிக்கு நிம்மதியில்லை. தேடித் தேடி ஒரு ஹெட்போனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். சின்னது, மெத்தென்றது, எவ்வளவு திருகினாலும் ஓர் அளவுக்குமேல் சத்தம் ஏறாது.

வாசலில் வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். பிறகு தலைகள் அளக்கப்பட்டன. அதிகாரிகளின் தலைகள். கூட்டத்தில் கறுப்பு பெசித் தொப்பியைக் கழற்றுவது மரியாதையல்ல என்பதால், தொப்பியோடு அளந்தார்கள்.

ஓய்வுபெற ஒரு வருடமே மிச்சமிருந்த தலைமை அதிகாரி பாக் சுதர்மாஜி ('பாக்' என்றால் ஐயா), ரத்ரியின் ஹெட்போனைத் தொப்பிமேல் மாட்டினார். காதுவரை எட்டவில்லை. கையால் அழுத்திப் பிடித்தார்.

"ஒண்ணும் கேக்கலையே!"

மற்ற ஏழு பேரும் மாட்டிப் பார்த்தார்கள். "எங்களுக்கும் கேக்கலை, பாக்!"

அடுத்தது பெரியது. அதைப் போட்டதும், ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த பூனை தெருவுக்குத் தாவியது.

"இது பரவாயில்ல, லேசாக் கேக்குது" என்றார் பாக் சுதர்மாஜி.

"பாக், ஒரே ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வந்து மாட்டிப் பாத்துடலாமே" என்றாள் ரத்ரி.

குழுவின் செயலாளர் இபு எண்டாங் ('இபு' என்றால் அம்மா) பரிவோடு சொன்னார்: "குழந்தைக்குப் பணியாளர் எண் உண்டா? இல்லை. எண் இல்லாட்டி தாள்ல கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாட்டி பெட்டி கிடையாது. நாமெல்லாம் திங்க, ஒரு பச்சைக் குழந்தை வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? உங்களுக்கு மனசே இல்லையா, இபு?"

ரத்ரி தன் சின்ன ஹெட்போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

பெரியது பள்ளிக்கு வந்தது. மாட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் நழுவிக் கழுத்தில் விழுந்தது.

"இப்படியே நல்லாக் கேக்குது, டீச்சர்! வண்டும் வரல!" என்றாள் லாரஸ்.

ரத்ரிக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டார். ஒரு சுற்றறிக்கை வந்தது: 'மேற்படி கருவி தொப்பியோடு பரிசோதிக்கப்பட்டதால், தொப்பியோடு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்.' பிள்ளைகள் அப்பாக்களின் தொப்பியோடு வந்தார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. ஹெட்போன் கச்சிதமாகக் காதில் உட்கார்ந்தது. வண்டு திரும்பி வந்தது.

ரத்ரி ஒவ்வொரு காதிலும் பஞ்சு வைத்தாள். மறுபடி வந்த ஆய்வாளர் பிள்ளைகளிடம் கேட்டார்: "நல்லாக் கேக்குதா?"

"என்னது?" என்றது வகுப்பு மொத்தமும்.

இன்னும் சத்தமான கருவி வாங்கப் பரிந்துரை போனது.

மைத்துனனை முழுசாக நம்ப முடியாமல் நானே அலுவலகம் போய்க் கோப்பைப் பார்த்தேன். உண்மைதான். பரிந்துரையோடு அந்த வருகைத் தாள் இணைக்கப்பட்டிருந்தது. மேலே 'ஒருமனதாக ஏற்றோர்' என்று புதிதாக எழுதியிருந்தது. ஒன்பதாவது கையெழுத்து ரத்ரியுடையது.

கோப்பைப் பார்த்ததற்கு என்னிடமும் கையெழுத்துக் கேட்டு, ஒரு பெட்டி நீட்டினார்கள். போட்டேன். அதே தாளில், பத்தாவதாக.