மூன்று முட்டித் தண்ணீர்

உயர்தரத்தில் இரசாயனம் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளையைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் இல்லை. அதுவும் பரீட்சையில் இரசாயனத்துக்கு 'ஏ' வந்திருந்தால், அந்த வீட்டுக்காரர் கொஞ்சக் காலம் வேறு எங்காவது போய்க் குடியிருப்பது நல்லது. நான் அப்படிப்பட்ட பிள்ளை. (பௌதிகத்துக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். அம்மாவே ஒரு தடவைக்குப் பிறகு கேட்கவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்தம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் கண்டால் கும்பிடலாம் என்ற காலம். எங்கள் ஊர் மானிப்பாயிலிருந்து பரவைக்கடல் பக்கமாகச் சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்தது. எங்கள் வளவுக் கிணறு நல்ல ஆழம், நல்ல ஊற்று, சுத்த உவர். அதில் தேத்தண்ணீர் போட்டால் அது தேத்தண்ணீரும் இல்லை, ரசமும் இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால் இருந்த நல்லதம்பி மாமாவின் கிணற்றுத் தண்ணீரோ இளநீர் தோற்கும். இரண்டு கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நிலத்துக்குக் கீழே தண்ணீர் எந்த ஞாயத்தில் ஓடியதோ தெரியாது.

அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. குடத்தோடு குனிந்து நுழைகிற அளவுக்கு விட்ட இடைவெளி. நான் பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் அந்தப் பொட்டால்தான் வந்தது. வருகிற தண்ணீரோடு கறிக் கிண்ணங்கள், ஊர்ப் புதினங்கள், அம்மாவின் முறைப்பாடுகள் எல்லாம் போய்வந்தன.

பிறகு ஒரு வருஷம் வேலி அடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வேலி அடைப்பு என்றால் பாதிக் கலியாணம், பாதிச் சண்டை. வேலிக்கு நட்ட பழைய கதியால் தடிகளைப் பிடுங்கிப் புதுக் கதியால் நடும்போது மாமாவின் ஆட்கள் ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். நாங்கள்தான் முன்னமே ஒரு சாண் அவர் பக்கம் தள்ளி இருந்தோம் என்று மாமா சொன்னார். ஒரு சாண் மண்ணில் ஒரு கத்தரிக் கன்று நடலாம். அதற்காக முப்பது வருஷச் சிநேகிதம் முறிந்தது.

அப்பா பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, அப்பாலுள்ளவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும்படி அறிவித்தார்.

"உவன்ரை கிணத்துத் தண்ணி இனி ஒரு சொட்டும் என்ரை தொண்டைக்குள்ளை இறங்காது!"

அறிவித்தது அப்பா. சைக்கிள் கரியரில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு சந்திக்கு அப்பாலுள்ள பொதுக்கிணற்றுக்கு ஓடியது நான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவும் மாமாவும் கோயிலில் சோடி. எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது பொருள் விரிப்பார். மாமா படிப்பார், அப்பா பயன் சொல்லுவார். இவர் இல்லாமல் அவர் இல்லை. சண்டைக்குப் பிறகும் அதை விடவில்லை. சுவாமி காரியத்தில் கோபம் பார்க்கக் கூடாது என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒரே பாயில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து இரண்டு மணி நேரம் ஒத்துப் போவார்கள். எழும்பி வெளியே வந்தால் செருப்பைப் போடுகிறபோதே முகத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அப்பாவுக்கு இருந்த ஒரே சொத்து அந்தத் தொண்டை. கந்தோரில் வெறும் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயிலில் பயன் சொல்லத் தொடங்கினால் மட்டும் கிழவிகள் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்தத் தொண்டைக்கு உவர்த் தண்ணீர் ஒத்துவராது. கானில் வருகிற தண்ணீரோ காணாது. நான் களைத்துப் போகிறேன் என்று அவருக்கு மனக்கவலையும் இருந்தது. ஆனால் மாமாவின் கிணற்றை மட்டும் நினைத்தும் பார்க்கமாட்டார்.

"அப்பா, எங்கடை கிணத்துத் தண்ணியை நானே நல்ல தண்ணியாக்கித் தாறன்" என்றேன் ஒருநாள்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பௌதிகத்தை மன்னித்துவிட்ட பார்வை அது.

மூன்று பானை வேண்டும். மேலே மணல், நடுவில் சிரட்டைக் கரி, கீழே தண்ணீர் சேரும் பானை. அம்மா தன் பானை ஒன்றையும் தரமாட்டேன் என்றுவிட்டார். ("உன்ரை விளையாட்டுக்கு நான் சட்டியிலையோ சோறு காய்ச்சிறது?") பின்வளவில் பார்த்தேன். எங்கள் பனைகளில் கள்ளுச் சீவுகிறவர் விட்டுப்போன முட்டிகள் மூன்று வேலியோரம் கவிழ்ந்து கிடந்தன. நல்ல வயிறுள்ள முட்டிகள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மணந்து பார்த்தேன். சாம்பல் மணந்தது. சுத்தமாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். மண்பானை எதைக் குடித்தாலும் மறக்காது என்பது பாடப் புத்தகத்தில் இல்லை.

முதல் நாள் தண்ணீர் மை போல வந்தது. கரியைக் கழுவவில்லை. கழுவிப் போட்டேன். அடுத்ததாக, அம்மா ஒரு தேங்காய் துருவி முடிக்க மூன்று சொட்டு விழுந்தது. மணல் பொடி. அதை மாற்றிப் பருமணல் போட்டேன். தண்ணீர் மணலையும் கூட்டிக்கொண்டு கீழே ஓடியது. முட்டியின் அடியில் போட்டிருந்த ஓட்டையில் தேங்காய்த் தும்பு அடைத்தேன். தும்பை அணில் இழுத்துக்கொண்டு போனது. வேறு தும்பு அடைத்து, மேலே சீலை கட்டி, கடைசியில் ஒரு நாள் கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது. கையில் ஏந்திக் குடித்தேன்.

உவர். முன்னையை விடத் தெளிவான உவர்.

கரைந்த உப்பை மணலும் கரியும் பிடிக்காது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நான் 'ஏ' எடுத்தது உயர்தரத்தில். ஒன்பதாம் வகுப்பை அதற்கிடையில் மறந்திருந்தேன்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா அதற்குள் சந்திக் கடை, தபாற்கந்தோர், கோயில் வீதி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். "எங்கடை பிள்ளை உவரைத் திருத்துறாள். இனி ஒருத்தற்றை வாசலிலையும் போய் நிக்கத் தேவையில்லை." ஒவ்வொரு காலையும் முட்டியடியில் வந்து நின்று, "என்ன பிள்ளை, இனிக்கத் தொடங்கீற்றுதோ?" என்று கேட்பார். அந்த முகத்துக்கு 'இல்லை' சொல்ல என்னால் முடியவில்லை.

இனிக்க வேண்டும், அவ்வளவுதானே? சீனி கிடைக்காத காலத்தில் தேத்தண்ணீருக்குக் கடித்துக்கொள்ளப் பனங்கட்டி நிறைந்த ஓலைக் குட்டான் வீட்டில் தொங்கும். அதில் ஒரு துண்டைக் கீழ் முட்டியில் போட்டேன். உவர் கொஞ்சம் பின்வாங்கியது. இன்னொரு துண்டு போட்டேன். பிறகு குட்டானையே கவிழ்த்தேன்.

அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இஞ்சை வாரும்! பிள்ளை வெண்டிட்டாள்! இனிக்குது!" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் உது தேத்தண்ணி நிறத்திலை கிடக்கு?"

"அது கரியின்ரை சாயம், அம்மா. உடம்புக்கு நல்லது" என்றேன். (என் வாய்க்கும் தனியாக ஒரு 'ஏ' தந்திருக்கலாம்.)

"நாளைக்குப் புராணத்திலை கடைசிப் படிப்பு. சுவாமி கலியாணம். நான் இந்தத் தண்ணியைத்தான் கொண்டு போவன்" என்றார் அப்பா. "உவன் பக்கத்திலை இருந்து பாக்கட்டும்."

கள் ஊறிய முட்டி. அதில் பனங்கட்டிக் கரைசல். ஓர் இரவு, ஒரு பகல், யாழ்ப்பாணத்து வெக்கை. இரசாயனம் படிக்காத யாரைக் கேட்டிருந்தாலும் நடக்கப் போவதைச் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் மாலை அப்பா விரதத்தோடு தானே செம்பில் வார்த்து, மேலே வாழையிலைத் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் இருந்தோம். மண்டபம் நிறைந்திருந்தது. மாமா அன்று உருகிப் படித்தார். அப்பா பயன் சொல்லச் சொல்லச் சனம் அசையவில்லை. கலியாண ஊர்வலம் வாசலுக்கு வரும் இடத்தில் அப்பாவுக்குத் தொண்டை காய்ந்தது. செம்பைத் திறந்தார். தூரத்திலிருந்த எனக்கே வெள்ளையாக நுரை தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல், விரத வயிற்றோடு, மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டார்.

முகம் ஒரு மாதிரிப் போனது. கோயிலுக்குள் துப்பவும் முடியாது. விழுங்கிவிட்டுப் பயனைத் தொடர்ந்தார். "அப்போது மாப்பிள்ளையானவர்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வந்தது சொல் அல்ல. ஏவறை. தூண்களில் மோதித் திரும்பி வருகிற பெரிய ஏப்பம். அதன் பின்னாலேயே மணம் வந்தது.

கிழவிகள் மூக்கைச் சுளித்தார்கள். "கள்ளு மணக்குது" என்று யாரோ சொன்னார்கள். "ஆரோ குடிச்சிட்டு வந்திருக்கினம்" என்றார் இன்னொருவர். மணியகாரர், அதாவது கோயிலை நடத்துகிறவர், எழுந்து நின்று, "ஆரது? சுவாமி சந்நிதியிலை ஆரது?" என்று அதட்டினார். என் அப்பா வாழ்நாளில் சம்பாதித்த ஒரே பெயர் என் கண்முன்னே போகப் போகிறது என்று தெரிந்தது. நான் எழும்பவில்லை.

மாமா புத்தகத்தை மூடினார். குனிந்து அப்பாவின் செம்பை மணந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

"அது என்ரை செம்பு. அண்ணை மாறி எடுத்துக் குடிச்சிட்டார். அவரிலை பிழையில்லை."

மணியகாரர் மாமாவைப் பார்த்த பார்வையில், அடுத்த ஆண்டு படிக்க வேறு ஆள் தேடுவது தெரிந்தது.

அப்பா எழுந்தார். கொஞ்சம் ஆடினார்தான். (விரத வயிறு.)

"இல்லை. அவர் எனக்காகப் பொய் சொல்லுறார். செம்பு என்ரை. தண்ணி என்ரை மகள் திருத்தினது. அந்தா இருக்கிறாள்."

முழு ஊரும் திரும்பியது. அம்மா என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி இருந்துகொண்டார்.

"பிள்ளை, என்னத்திலை திருத்தினனீ?" என்றார் மணியகாரர்.

"முட்டியிலை."

"என்ன முட்டி?"

"பின்வளவிலை கிடந்த... சீவல் முட்டி."

"அதுக்குள்ளை என்ன போட்டனீ?"

"மணல்... கரி... பனங்கட்டி."

பிறகு மாமி, நல்லதம்பி மாமாவின் மனைவி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, "ஐயோ பிள்ளை, கள்ளு முட்டிக்குள்ளை பனங்கட்டியைக் கரைச்சு வைச்சா வேறை என்னடி வரும்?" என்றார். அவ்வளவுதான். மண்டபமே சிரித்தது. விசிறிகள் விழுந்தன. மணியகாரர் சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தார். அந்த நாட்களில் இத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக் கல், பிளக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் மாமா தன் செம்பை எடுத்து அப்பாவின் முன் நீட்டினார்.

"குடியுங்கோ, அண்ணை. சுவாமி வாசலிலை நிக்கிறார். நீங்கள் சொன்னாத்தான் உள்ளுக்கு வருவார்."

அப்பா செம்பைப் பார்த்தார். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக் கட்டில் நின்று கத்தியதையும் எல்லோரும் அறிவார்கள். அவர் வாங்கினார். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். துடைத்துக்கொண்டபோது வாயை மட்டுமா துடைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ம், படியும் நல்லதம்பி" என்றார்.

அன்று அப்பா சொன்ன பயன் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். (காரணம் செம்புதான், எந்தச் செம்பு என்பதில்தான் கருத்து வேறுபாடு.)

மறுநாள் விடியக் கத்திச் சத்தம் கேட்டு எழும்பினேன். அப்பா கிணற்றடியில் வேலியை வெட்டிப் பொட்டு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, மாட்டுக்கொட்டில் பக்கம், இன்னொரு கத்தி வெட்டிக்கொண்டிருந்தது. மாமாவும் அப்பாலிருந்து ஒரு பொட்டு விட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் தலையை நீட்டி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தன் பொட்டைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று இருவரும் அதற்கும் வாதாடினார்கள். முடிவில் எங்கள் வேலியில் இரண்டு பொட்டு இருந்தது. அம்மாவும் மாமியும் ஒன்றால் போய் மற்றதால் வருவார்கள்.

எனக்குப் பிறகு பல்கலைக்கழகம் கிடைத்தது. இப்போது கொழும்பில் இருக்கிறேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே தண்ணீரைச் சுத்திகரிக்கிற இயந்திரம் ஒன்று பூட்டியிருக்கிறது. உண்மையிலேயே உப்பைப் பிடிக்கிற சாதி. அப்பா எங்களோடு வந்து நின்றபோது ஒருநாள் அது சிவப்பு விளக்குக் காட்டியது. நான் திருகாணியைக் கழற்றி, குழாய்களைத் தரையில் பரப்பிவிட்டு, எது எங்கே இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா கைத்தடியோடு வந்து எட்டிப் பார்த்தார். அவர் முன்னறைக்குப் போய், தொலைபேசியை எடுத்து ஊருக்கு அழைப்பது கேட்டது.

"நல்லதம்பி, பிள்ளை திரும்பவும் தண்ணி திருத்துறாள். உம்மடை செம்பை எடுத்துக்கொண்டு உடனை வெளிக்கிடும்."