ஆட்டின் கழுத்தில் ஓர் ஊதுகுழல்

மருந்து இருபது நாளாகத் தவறாமல் வீட்டுக்குள் போகிறது. இன்பத்தின் நோய் மட்டும் அசையவில்லை. ஏன் என்று கம்பவுண்டர் ஜேசுதாசனுக்கு விளங்கவேயில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பங்குனி வெயிலில் அவர் மனைவி இன்பம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் ஊதி, குரல் கரகரத்துப் போயிருந்தது. ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்துவிடலாம்.

"தைராய்டு சுரப்பி படுத்துவிட்டது. இப்படியே விட்டால் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விடுவாள்" என்றார் டாக்டர். இதற்கான மாத்திரை அந்த ஊரை எட்டிப் பார்க்காத 1900-ஆம் ஆண்டு அது. ஆட்டின் சுரப்பியைத் தினமும் ஒன்று லேசாக வதக்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர் கோடைக்கு மலையேறிவிட்டார்.

தொண்டைச் சதை என்று தெரிந்தால் இன்பம் தொடமாட்டாள். அதனால் ஜேசுதாசன் சமையல்காரி சுடலையம்மாளிடம், "எளங்கறின்னு மட்டும் சொல்லி அம்மாவுக்கு வை" என்றிருந்தார். அவர் சாப்பிட்டுவிட்டு மருந்தகத்துக்குப் போன பிறகுதான் இன்பம் சாப்பிடுவது வழக்கம்.

முதல் சந்தேகம் கறிக்கடைமேல் விழுந்தது.

"பாய், டாக்டர் பொஸ்தகத்துப் படத்துல இருக்க சுரப்பி நீங்க தார கழுத்துக்கறியில இல்லையே. உருண்டையா எது கெடந்துதோ அதக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"அது எப்படி இருக்கும்?" என்றார் முத்து முகம்மது.

விளக்கம் சொல்லக் கிடைத்தால் ஜேசுதாசன் விடமாட்டார். "குரல்வளைக்குக் கீழ, மூச்சுக்குழாய்க்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டுப் பேரீச்சம்பழம் மாதிரி இருக்கும். உடம்ப அடுப்புன்னு வச்சுக்கிட்டா, அது ஊதுகுழல். ரத்தத்துல ஒரு சாறு விடும். சாறு கொறைஞ்சா அடுப்பு அவியும். கூடுனா கண்டபடி எரியும்; எம்புட்டுத் தின்னாலும் ஒடம்புல ஒட்டாது."

"அப்படிச் சொல்லுங்க. எங்க அறுப்புல குரல்வளை முடிச்சு தலையோடதான் நிக்கணும், கத்தி அதுக்குக் கீழ விழும். நீங்க கேக்குறது முடிச்ச ஒட்டியே இருக்கதால தலையோட போயிருக்கும். கழுத்துல தேடுனா?"

அன்றிலிருந்து தலையே வந்தது. படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஜேசுதாசனே சுரப்பியைப் பிரித்து அடுப்படியில் கொடுத்தார். பதினைந்து நாள் ஆயிற்று. இன்பம் இன்னொரு கம்பளி கேட்டாள்.

ஒன்றை இரண்டாக்கினார். உள்ளூரில் அறுப்பு இல்லாத நாளில் ராஜபாளையம் போக வேண்டியிருந்தது. மாட்டுவண்டியில் ஏறியவர், அது நகர்கிற நகர்வு பொறுக்காமல் பாதி வழியில் குதித்து நடந்தார். வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்தது. ஆறு தோசை தின்றும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மருந்து ஊற்றும்போது கை நடுங்கி, குப்பியில் விழுந்ததைவிட மேசையில் விழுந்தது அதிகம்.

"செத்த நேரம் ஒரு எடத்துல நின்னு பேசுங்க" என்றார் முத்து முகம்மது. "ஒங்களப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது."

"பொண்டாட்டி அப்படிக் கெடக்கா பாய், கவலை இருக்காதா? வெயில் வேற" என்று வியர்வையை வழித்தபடியே அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவரை இன்பம் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க... ஏன்... இப்படி..."

மீதி வருவதற்குள் அவர் அடுப்படிக்குப் போயிருந்தார். "சுடலையம்மா, ரெண்டு காணாது. அம்மா கையைத் தொட்டா இன்னும் சில்லுன்னு இருக்கு. நாளையிலேருந்து மூணு வை."

சுடலையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வேண்டாங்கய்யா, 'நல்ல கறிய அவியளுக்கு வை'ன்னு அம்மா சொன்னதால இம்புட்டு நாளும் அதக் கொத்தி ஒங்க குழம்புலதான் போட்டுக்கிட்டு வாரேன், இனிமே அத அம்மா தட்டுல போடுதேன், நீங்க ரசஞ்சோறு சாப்பிடுங்க."