அலைவரிசை அடிகளார்

ஊமையாகிப் போன போனைப் பேச வைக்கிறாராம்! கேட்டீர்களா இந்த அதிசயத்தை?

கடைத்தெரு மாடியில், மூடிப்போன டியூஷன் சென்டரில் எழுந்தருளியிருந்தார் அலைவரிசை அடிகளார். படிக்கட்டு முழுக்க வயதானவர்கள். மூட்டுவலி மறந்தது, மூச்சிரைப்பு மறந்தது. ஆளுக்கொரு போன். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டு, கூப்பிட மட்டும் மறந்துபோன போன்கள்.

அடிகளார் போனை நெற்றியில் ஒற்றிக்கொள்வார். "பாசத்துக்குத் தடை இருக்கு. பிள்ளையோட நம்பரைச் சொல்லுங்க." காணிக்கை பெட்டியில் விழும். அன்று மாலைக்குள் பிள்ளை கூப்பிடும்! விஞ்ஞானம் தோற்றது போங்கள்.

"என் பையன் அழுதுட்டாம்மா!" என்று பூரித்தார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி போன பிறகு அவரிடம் பேச வீட்டில் டி.வி.தான் இருந்தது.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் கேட்டார்: "எடுத்ததும் முதல்ல என்னண்ணே கேட்டான்?"

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டான். ஏதோ குழப்பம்."

டீச்சருக்கு உறுத்தியது. அவருக்குப் பிள்ளை கிடையாது. மறுநாள் டிரைவரையும் அழைத்துக்கொண்டு போய், "ஒரே மகன் சாமி, பேசறதே இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் நம்பர் என்று கொடுத்தது, தன் கைப்பையில் கிடந்த இன்னொரு போனின் நம்பரை. முக்காலமும் உணர்ந்தவருக்கு எதிரே இருந்த கைப்பை தெரியவில்லை.

"மகன் மனசு கல்லு. இன்னைக்கே உருகும்!" என்றார் அடிகளார். பிறக்காத மகனின் மனசு!

டீச்சர் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கைப்பை கூவியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "உங்கள் அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாங்கள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் உடனே பேசுங்கள்."

படிக்கட்டில் இருந்தவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"விழுந்த அம்மா நான்தான்" என்றபடி, செய்தி வந்த நம்பரை அழுத்தினார். அடிகளாருக்குப் பின்னாலிருந்த திரைக்குள் மணி அடித்தது. டிரைவர் திரையை இழுத்தார். உள்ளே கையில் போனோடு சீடர் ஒருவர்! அடிகளாரின் அலைவரிசை அப்படியே அறுந்தது.

"எதுக்கும்மா கெடுத்தீங்க?" என்று ஒரு பாட்டி அழுதார். "பொய்யோ மெய்யோ, என் பொண்ணு பேசுனாளே!"

டிரைவர் தன் போனை எடுத்தார். "நான் சாகக் கிடக்கேன்னு நினைச்சுல்ல அழுதிருக்கான்..." மகனைத் தானே கூப்பிட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. தனியா இருக்க முடியல, அதான்." பிறகு பேச்சு நீண்டுகொண்டே போனது.

பெரியவர்களே, அந்த எத்தன் செய்தது இவ்வளவுதான்: உங்கள் பிள்ளைக்கு ஒரு தகவல் சொன்னான், அதுவும் பொய்த் தகவல். உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறது. ஏனென்று கேட்க மூளையும் இருக்கிறது. இரண்டையும் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டால், போன் என்ன செய்யும் பாவம்!